காளீஸ்வரன் பார்த்துக்கொண்ட ரூம்கள்

காளீஸ்வரனுக்கு எங்கள் ஆபீஸில் என்ன வேலை என்று அவன் அம்மா வள்ளித்தாய் ஒருமுறை என்னிடம் கேட்டார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவர். கோயில் திருவிழாவான பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்த இடத்தில், மகன் உட்காரும் இடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடியேறி வந்திருந்தார்.

"ஏம்மா, எம்மகன் இங்கன என்னதான் செய்யுறான்? கேட்டா எல்லாருக்கும் மிஷின் குடுக்கேங்கான். எங்கிட்டு இருக்கு மிஷினு? ஒண்ணையும் காணோமே."

"அந்தா, கண்ணாடி ரூமுக்குள்ள ரெண்டு கறுப்புப் பெட்டி இருக்குல்லம்மா? அதுக்குள்ள பன்னெண்டு மிஷின் இருக்கு" என்றேன்.

வள்ளித்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்தவர்கள் பொய் சொன்னால் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று நினைக்கிறவர்களின் பார்வை. "இருக்கட்டும்மா, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, கொண்டுவந்த சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை விளக்கிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. அந்த ஆபீஸில் யாருக்கும் எதற்கும் தெம்பிருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

என் பெயர் சொர்ணலட்சுமி. கணக்கும் ரிப்போர்ட்டும் என் பொறுப்பு. முதலாளி சுந்தரபாண்டி காரியாபட்டிக்காரர். அப்பா வழியில் நிலபுலன் உண்டு. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று திரும்பி வந்தவர். சென்னைக்காரர்கள் எழுதும் சாப்ட்வேரை வாங்கி, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். டெஸ்டிங். வாடகை குறைவென்று ஒரு மிளகாய் மண்டிக்கு மேல் மாடியைப் பிடித்திருந்தார். கீழே மூட்டையைப் பிரித்தால் மேலே பத்துப் பேரும் வரிசையாகத் தும்முவோம். கம்ப்யூட்டர்களும் தும்மியிருக்கும், அவற்றுக்கு மூக்கில்லாததால் சத்தம் போடாமல் நின்றுபோகும். உள்ளே காற்றாடியில் படிந்த மிளகாய்த் தூசியைக் காளீஸ்வரன் பிரஷ்ஷால் தட்டி எடுப்பான்.

பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் நாலைந்து ப்ராஜெக்ட் ஓடும். ஒன்றுக்குப் பழைய விண்டோஸ் வேண்டும், இன்னொன்றுக்குப் புதுசு. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் சக்களத்திகள் போலச் சண்டை பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்யூட்டர் வாங்க முதலாளிக்கு மனசும் இல்லை, வசதியும் இல்லை. அதனால் இரண்டே இரண்டு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி, ஒவ்வொன்றையும் ஆறு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைத்தோம். வெர்ச்சுவல் மிஷின் என்று அதற்குப் பெயர். நாங்கள் வெறுமனே மிஷின் என்போம். அவரவர் மேஜையில் இருந்தபடியே அதற்குள் நுழைந்து வேலை பார்க்கலாம். கையால் தொட முடியாது. கெட்டுப்போவது மட்டும் நிஜ மிஷின் மாதிரியே கெட்டுப்போகும்.

இந்தப் பன்னிரண்டையும் யாருக்கு எது, எப்போது, எவ்வளவு நேரம் என்று பங்கிட்டுக் கொடுப்பதுதான் காளீஸ்வரன் வேலை. கேட்கச் சின்னதாக இருக்கும். பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒரே ஒரு குளியலறையைப் பங்கிட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவன் சிவகாசிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவன். டெஸ்டராக வேண்டும் என்றுதான் வந்தான். அப்போது டெஸ்டிங்கில் இடமில்லை. யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும் வயர் இழுக்கவும் ஆள் தேவைப்பட்டது. "மொதல்ல இதைப் பாரு. பெறகு டெஸ்டிங்ல ஒக்கார வைக்கேன்" என்றார் சுந்தரபாண்டி அண்ணன். இவனும் தலையாட்டினான். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து விருதுநகருக்கு ஒரு பஸ். சாயங்காலம் திரும்ப அதே மாதிரி. அப்படி மூன்று வருஷம்.

முதலில் கணக்கு வழக்கு எதுவும் இல்லாமல்தான் மிஷின் ஓடியது. யார் வேண்டுமானாலும் எதற்குள் வேண்டுமானாலும் நுழைவார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரி ப்ராஜெக்டுக்காகத் தனுஷ்கோடி என்கிற பையன் ஒரு வாரம் மெனக்கெட்டுத் தயார் செய்து வைத்த மிஷினில், பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காரர்கள் தங்கள் சரக்கை ஏற்றிவிட்டார்கள். காலையில் அவன் திறந்து பார்த்தால் நோயாளி இருந்த இடத்தில் ஆறாம் வகுப்பு மாணவர்கள். அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கீழே மண்டிக்காரர் மேலே வந்துவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் காளீஸ்வரன் எக்ஸெல்லில் ஒரு ஷீட் போட்டான். அதைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். மிஷின் ஒன்று, மிஷின் இரண்டு என்று போடாமல் ரூம் ஒன்று, ரூம் இரண்டு என்று போட்டிருந்தான்.

"அதென்னப்பா ரூமு? லாட்ஜா நடத்துறோம்?"

"எங்க ஊர்ப் பக்கம் அப்படித்தாங்க்கா. கம்பெனிக்குள்ள ஒவ்வொரு ரூமும் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். எந்த ரூம்ல என்ன வேலை, எத்தனை பேர் இருக்கலாம், எம்புட்டு சரக்கு வைக்கலாம்னு செவத்துலயே எழுதிப் போட்டிருக்கும். அதுக்கு மேல ஒராளு உள்ள போனாலும் எங்கய்யா தொலைச்சிருவாரு."

அவன் அய்யா வேலுச்சாமி பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். சுவரில் எழுதியிருந்த அந்த நாலு விஷயத்தையும் மகன் அப்படியே நாலு கட்டமாக்கிவிட்டான். ரூம் எண், என்ன வேலை, எத்தனை பேர், எம்புட்டு சரக்கு. சரக்கு என்றால் எங்களுக்கு மெமரி. பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிற மெமரியைத்தான் எல்லா ரூமுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டையும் ஒரேயடியாகத் திறந்தால் எல்லாமே நகராமல் நிற்கும். எட்டுக்கு மேல் திறக்க விடமாட்டான். இதோடு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு கட்டம், நாளைக்கும் வேண்டுமா என்று கடைசியாக ஒரு கட்டம். காலியாக இருந்தால் பச்சை, ஆள் இருந்தால் மஞ்சள், யாரும் தொடக் கூடாதென்றால் சிவப்பு.

ஷீட் வந்ததும் சண்டை ஓயும் என்று நினைத்தோம். சண்டை ஷீட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, வேலை இருக்கிறதோ இல்லையோ, காலையில் வந்ததும் ஆளுக்கு இரண்டு ரூமில் பெயரைப் போட்டுவிடுவார்கள். போதாததற்கு அந்தப் பைலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறந்து எழுத முடியும். யாராவது திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால் மற்றவர்கள் பார்க்கலாம், எழுத முடியாது. "ஷீட்டைத் தொறந்து வச்சிட்டு எவுகப்பா போனது?" என்று காளீஸ்வரன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கத்துவான். பொறுமை இல்லாதவர்கள் அதை நகலெடுத்து அதில் எழுத ஆரம்பித்தார்கள். ஷீட் புதுசு, ஷீட் புதுசு இரண்டு, ஷீட் இதுதான், ஷீட் சத்தியமாக இதுதான் என்று பெருகிப்போனது. எல்லாவற்றையும் மத்தியானத்துக்குள் ஒன்று சேர்த்து, ரோஷக்காரர்களைச் சமாதானம் செய்து முடிக்கும்போது கரண்ட் போகும். அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க முறை வைத்துக் கரண்டை நிறுத்தினார்கள். யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் எந்த ரூமை மூடுவது, எதை விட்டு வைப்பது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். ரூம் மூடப்பட்டவன் அன்று முழுக்க அவனோடு பேசமாட்டான்.

இதெல்லாம் போக, சாயங்காலம் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஒவ்வொரு மிஷினையும் சுத்தமாகத் தயார் செய்து, அந்த நிலையை அப்படியே ஒரு பிரதி பிடித்து வைத்திருப்பான். பகலெல்லாம் அதில் கண்டதையும் ஏற்றி இறக்கியிருப்பார்கள். சாயங்காலம் ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய சுத்தமான நிலைக்குத் திரும்பிவிடும். நடுவில் நடந்த எதுவும் இருக்காது. நாளைக்கும் வேண்டும் என்று பெயர் போட்ட ரூமை மட்டும் தொடமாட்டான். பட்டாசுக் கம்பெனியிலும் சாயங்காலம் ரூமில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாதாம். கலந்த வெடிமருந்தை அன்றைக்கே முடித்துவிட்டு, ஈரச் சாக்கால் துடைத்த பிறகுதான் கதவைப் பூட்ட வேண்டுமாம். "மிச்சம் கெடந்தா எனக்கு வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராதுக்கா" என்பான். அவன் மேஜைக் கம்ப்யூட்டரில் இதற்கென்று இரண்டு பொத்தான் செய்து வைத்திருந்தான். ஒன்று, பெயரில்லாத ரூமை மட்டும் கூட்டுவது. மற்றது, ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஒட்டுமொத்தமாக எல்லா ரூமையும் கூட்டுவது. அது ரொம்ப அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

டெஸ்டிங் பேச்சை அவன் எடுக்கும்போதெல்லாம் முதலாளி இந்த ப்ராஜெக்ட் முடியட்டும் என்பார். அது முடிந்தால் அடுத்த மாதம் என்பார். பட்டாசுக் கம்பெனியில் சீசன் முடியட்டும் என்று சொல்வதுபோல. அவர் கெட்டவர் இல்லை. ஷீட்டை இவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிற ஒருவனை அதிலிருந்து எடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? நல்ல மாட்டைத்தானே எப்போதும் செக்கில் பூட்டுவார்கள். காளீஸ்வரன் மெலிந்துகொண்டே போனான். பஸ்ஸில் நின்றபடி தூங்கி, சிவகாசியில் இறங்காமல் சாட்சியாபுரம் தாண்டிப் போய்விட்டேன் என்று ஒருநாள் சொன்னான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, தீபாவளி சீசனுக்கு முன்னால், ஒரு சென்னைக் கம்பெனியின் வேலை வந்தது. தனியார் பஸ்களுக்கு டிக்கெட் பதிவு செய்கிற சாப்ட்வேர். வெள்ளோட்டமாகத்தான் கொடுத்திருந்தார்கள். திருப்தியாக இருந்தால் ஒரு வருஷத்து வேலை எங்களுக்கு என்று பேச்சு. அது கிடைத்தால் ஆள் கூட்ட வேண்டும். இந்தமுறை சுந்தரபாண்டி அண்ணன் வாய்வார்த்தையாக விடவில்லை. சென்னைக்கு அனுப்பிய கடிதத்தில் டெஸ்டர்கள் பட்டியலில் காளீஸ்வரன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். தட்டச்சு செய்தது நான். திரையில் தன் பெயரைப் பார்க்க அவன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "எழுத்துப் பிழை இல்லையேக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த வேலையை அழகுமீனா பார்த்தாள். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், அவர் ஊர்ப் பக்கம்தான். வாய் கொஞ்சம் நீளம். வேலை அதைவிடச் சுத்தம். அந்தச் சாப்ட்வேர் பார்க்க நன்றாகத்தான் ஓடியது. ஆனால் இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடவிட்டு, கூட்டம் கூட்டமாக டிக்கெட் போட்டால், எப்போதாவது ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறது என்று மூன்று வாரம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தாள். திரையைப் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். எழுதியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் ஆட்கள் தப்பாகத் தட்டியிருப்பார்கள் என்றார்கள். கடைசியில், மிஷினை அந்த நிலையிலேயே அப்படியே வைத்திருங்கள், திங்கட்கிழமை நேரில் வந்து உள்ளே திறந்து பார்க்கிறோம் என்றார்கள்.

ஒன்பதாம் ரூம். ஷீட்டில் அதைச் சிவப்பாக்கினான் காளீஸ்வரன். நாளைக்கும் வேண்டும் என்ற கட்டத்தில் அழகுமீனா பெயர். இன்னொரு நகல் எடுத்து வைக்கலாம் என்றால் டிஸ்க்கில் இடமில்லை. புது டிஸ்க் அடுத்த மாதம் வாங்குவதாக இருந்தது.

"காளியண்ணே, ஒங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். ஒரு தூசி படக் கூடாது" என்றாள் அழகுமீனா.

"நீங்க நிம்மதியாப் போங்க. எனக்கும் சேத்துத்தானே இது" என்றான் அவன்.

அது சனிக்கிழமை, அரை நாள் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மற்றவர்களோடு அவளும் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும். அவன் செல்போன் அடித்தது. பேசியது அவன் அய்யா. போனில் அவர் கத்தியது என் மேஜை வரை கேட்டது.

"ஏலே, இங்கன வெடிச்சிருச்சுலே. ஒங்காத்தா கம்பெனிப் பக்கந்தான் பொகை. ஆளைக் காணோம்லே, கெளம்பி வா..."

அத்தோடு போன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டால் போகவில்லை. அந்தப் பக்கம் வெடித்தால் ஊரே போனைத் தூக்கும், ஒருவருக்கும் கிடைக்காது.

பட்டாசு ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஏதாவது ஒரு கம்பெனியில் சத்தம் கேட்டால், மைல் கணக்கில் தள்ளியிருக்கும் கம்பெனியிலும் போர்மேன் முதலில் போடும் சத்தம் எல்லா ரூமையும் காலி பண்ணுங்கள் என்பதுதான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆட்கள் வெளியே வர வேண்டும், சரக்கை எடுத்துவிட வேண்டும். பொறி பறந்து வருமோ என்ற பயம் பாதி. அதிகாரிகள் அக்கம்பக்கத்தையும் சோதனை போட வருவார்கள் என்ற பயம் பாதி. அந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள். தன் வீட்டு ஆள் எங்கே என்று தேடி ஓடுவது அதற்கு அப்புறம்தான்.

காளீஸ்வரன் வாசலுக்கு ஓடவில்லை. தன் மேஜைக்குத்தான் போனான். பையை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். நின்றபடியே கீபோர்டில் என்னவோ தட்டினான், மவுஸை இரண்டு தடவை அழுத்தினான், பையை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினான். அவன் முகத்தைப் பார்த்த நான் சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டேன். திரையைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வள்ளித்தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வெடித்தது அடுத்த கம்பெனி. சிவகாசியிலிருந்து கிடைத்த லாரியில் ஏறிப் போனவன், ரோட்டோரம் வேலிக்கருவை நிழலில் மற்ற பெண்களோடு தூக்குச்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பொழுது சாய்கிற நேரத்தில்தான் கண்டுபிடித்தான். ஆனால் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அந்த அடுத்த கம்பெனியில்தான் வேலை பார்த்தார். இவனுக்குச் சித்தி முறை. சனி இரவு முழுக்க ஆஸ்பத்திரி வாசலிலும், ஞாயிறு முழுக்க அடக்கத்திலும் நின்றிருக்கிறான். திங்கட்கிழமை வரவேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லியும், சென்னைக்காரர்கள் வருகிறார்கள் என்று வந்துவிட்டான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இளைஞர், அந்தச் சாப்ட்வேரை எழுதியவர். வரும்போதே முகத்தை உம்மென்று வைத்திருந்தார். மற்றவர் வயதானவர், அவருக்கு மேலதிகாரி. காபி கொடுத்தோம். அழகுமீனா பட்டுக்கரைச் சேலை கட்டி, சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள். ஷீட்டைக் காட்டினாள். ஒன்பதாம் ரூம் சிவப்பாக இருந்தது, அவள் பெயரும் இருந்தது. அப்புறம் ரூமைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. பஸ் இல்லை, சீட் இல்லை, மூன்று வாரத்து டிக்கெட் எதுவும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி நீலத் திரை, ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம். அழகுமீனா மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். எட்டைத் திறந்தாள், பத்தைத் திறந்தாள். எல்லாமே சுத்தமாக இருந்தன.

இளைஞர் மேலதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

"சனிக்கெழமை இங்க கரண்ட் கொஞ்சம் மோசம் சார். அதுல ஏதாச்சும்..." என்று சுந்தரபாண்டி அண்ணன் ஆரம்பித்தார்.

கண்ணாடி ரூம் பக்கம் நின்றிருந்த காளீஸ்வரன் முன்னால் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"கரண்ட் இல்லண்ணே. நாந்தான். எல்லா ரூமையும் கூட்டிட்டேன்."

"ஏலே, என்ன சொல்லுதே?"

"சத்தம்னு அய்யா போன் பண்ணாரு. எல்லா ரூமையும் காலி பண்ணணும்னு... நான் நெனைச்சுச் செய்யலண்ணே. கை செஞ்சிருச்சு."

வயதானவர்தான் விசாரித்தார். எங்கே வெடித்தது, யாருக்கு என்ன ஆயிற்று என்று எல்லாம் கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். அப்புறம் சொன்னார்: "தம்பி வேணும்னு பண்ணலை, புரியுது. ஆனா நான் ஆபீஸ்ல போய் எதைக் காட்டுவேன்? அந்தத் தப்பு மறுபடியும் வந்தா சொல்லி அனுப்புங்க. அப்புறம் பேசிக்கலாம்." இந்த மாதிரிப் பேச்சு எங்களுக்குப் பழக்கம். வேலை இல்லை என்பதை மரியாதையாகச் சொன்னார். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கார் பிடித்து மதுரைக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் படியிறங்கியதும் அழகுமீனா காளீஸ்வரனைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவாள் என்று நான் பயந்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. கேட்டவர் முதலாளி.

"மூணு வருஷமா ஒன் ஷீட்டு, ஒன் ரூமுன்னு ஒன்னை நம்பி விட்டேன். ஒரு சத்தம் கேட்டதுக்கு அம்புட்டையும் அழிச்சுப்புட்டே. இனிமே அந்தக் கண்ணாடி ரூம் பக்கம் ஒங்கால் படக் கூடாது. ஷீட்டைச் சொர்ணலட்சுமி பாத்துக்கிடட்டும்."

என் தலையில் இடி விழுந்தது. என்னை யாரும் கேட்கவே இல்லை.

"நீ போயி அந்தா அழகுமீனா பக்கத்துல ஒக்காரு. மொதல்லருந்து டிக்கெட் போடு. அழிச்சியே, அந்தத் தப்பைத் திரும்பக் கண்டுபிடி. கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கத்திவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காளீஸ்வரன் "சரிண்ணே" என்றான், சாத்திய கதவைப் பார்த்து. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அழகுமீனா பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒழுங்காக வேலை பார்த்த மூன்று வருஷமும் கிடைக்காத இடம் அது. அதைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், கொடுத்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிக்கத் தோன்றியது, அழவும் தோன்றியது.

அழகுமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆத்தா எப்படி இருக்காக?" என்று கேட்டாள்.

"இருக்காக. சோறுதான் எறங்க மாட்டேங்குது."

"நீங்க சாப்பிட்டீகளா?"

அவன் முதல் டிக்கெட்டைப் போட்டான். விருதுநகரிலிருந்து சென்னைக்கு. அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக எப்படிச் சரி பார்ப்பது என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். கீழே மூட்டை பிரித்தார்கள், எல்லோரும் தும்மினோம், அவன் மட்டும் தும்மவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிப் போயிருந்தான். ஒரு கை கீபோர்டின்மேலேயே கிடந்தது. திரையில் ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அழகுமீனா அந்தக் கையை மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஏலே..." என்று வாயெடுத்தார்.

அழகுமீனா எழுந்து அவருக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சத்தம் போடாதீக. டெஸ்டிங் ஆளுன்னு நீங்கதானே ஒக்கார வச்சீக? இனிமே அவுக என் ஆளு, நான் பாத்துக்கிடுதேன்."

சுந்தரபாண்டி அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். மூன்று வருஷமாகக் காளீஸ்வரன் கேட்கக் காத்திருந்த வார்த்தையை அன்றைக்கு அந்த மாடியில் இருந்த எல்லோரும் கேட்டோம். அவன் மட்டும் கேட்கவில்லை. அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.